நோட்டில் இருந்ததும் போனில் இருந்ததும்

போன ஆடி மாசம் நிலக்கோட்டைக்குப் போயிருந்தபோது அக்கா மகள் என்னிடம் ஒரு பஞ்சாயத்தைக் கொண்டுவந்தாள். பக்கத்தில் ஒரு கல்லூரியில் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் யாரும் போனில் குறிப்பெடுக்கக் கூடாது, நோட்டில்தான் எழுத வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். "கையால எழுதுனாத்தான் மண்டைல ஏறும், ஆராய்ச்சியே இருக்கு"ன்னு காரணமும் சொல்லியிருக்கிறார். "நீங்களே சொல்லுங்க மாமா, இது நியாயமா?"

நான் யோசிக்காமல் ஆசிரியர் பக்கம் சாய்ந்தேன். பேனா பிடித்து வளர்ந்தவன், வேறு தீர்ப்பு எப்படி வரும்? அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். போனையும் திறந்து பக்கத்தில் வைத்தாள்.

நோட்டில் பி.ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' பற்றி இரண்டு பக்கம். முத்து முத்தான கையெழுத்து. 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது, தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்று, ஆசிரியர் பிறந்த ஊர் வத்தலக்குண்டு, நாவலின் சிறப்புகள் ஐந்து. எல்லாம் வகுப்பில் சொல்லச் சொல்ல எழுதியது. போனில் இருந்தது வேறு சரக்கு. இணையத்தில் கிடைத்த நாவலை அவளாகவே படித்துவிட்டு, பஸ்ஸில் வரும்போது தட்டிவைத்தது. எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டுத் தருகிறேன்: "அம்மையப்ப பிள்ளை வர்ற இடமெல்லாம் சிரிப்பு. ஆனா தமிழ் படிச்சுட்டு வேற ஒண்ணும் தெரியாம நிக்கிற ஆளுன்னு யோசிச்சா பாவமா இருக்கு. ராஜம் ஐயர் இவரைக் கேலி பண்றாரா, நேசிக்கிறாரா?"

என் தீர்ப்பு அங்கேயே ஆட்டம் கண்டது.

முதலில் அந்த 'ஆராய்ச்சி'யைப் பார்த்துவிடுவோம். கையெழுத்துக்கு ஆதரவாக உலகம் முழுக்கச் சுற்றிவருவது 2014ல் பாம் முல்லரும் டேனியல் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களுக்கு உரைகளைக் காட்டிக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். மடிக்கணினியில் தட்டியவர்கள் அதிகச் சொற்களை எடுத்தார்கள், பேச்சாளர் சொன்னதை அப்படியே எடுத்தார்கள். தகவல் கேள்விகளில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். கருத்தைப் புரிந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் பேனாக்காரர்கள் முந்தினார்கள். 2021ல் வேறொரு குழு இதையே திரும்பச் செய்து பார்த்தது. தட்டுகிறவர்கள் அதிகம் எழுதுகிறார்கள், அப்படியே எழுதுகிறார்கள் என்பது மறுபடியும் உறுதியானது. தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் வித்தியாசம் தென்படவில்லை. 2024ல் வந்த நார்வே ஆய்வு இன்னும் பிரபலம். தொடுதிரையில் டிஜிட்டல் பேனாவால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையே இணைப்பு கூடுகிறது என்றது. ஆனால் அதில் பங்கெடுத்த 36 பேரும் ஒற்றை விரலால் தட்டினார்கள். என்ன நினைவில் நின்றது என்று யாரும் அவர்களைச் சோதிக்கவும் இல்லை. "ஆராய்ச்சியே இருக்கு" என்று மேசையைத் தட்டும் அளவுக்கு விஷயம் முடிந்துவிடவில்லை.

2014 ஆய்வு சொன்ன காரணம்தான் எனக்கு முக்கியம். கை மெதுவானது. பேச்சின் வேகத்துக்கு அதால் ஓட முடியாது. அதனால் எதை எழுதுவது, எதை விடுவது என்று கேட்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவெடுப்பதில்தான் படிப்பு நடக்கிறது. பேனாவின் பெருமை அதன் மையில் இல்லை, அதன் தாமதத்தில் இருக்கிறது.

நம் வகுப்பறையில் என்ன நடக்கிறது? ஆசிரியர் கையின் வேகத்துக்கு இறங்கி வந்துவிடுகிறார். ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை சொல்கிறார். "கமா", "அடுத்த பத்தி", "அடிக்கோடு போட்டுக்கங்க" என்கிறார். கடைசி பெஞ்ச் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கிறார். தேர்ந்தெடுக்கும் வேலை மாணவருக்கு இல்லாமலே போகிறது. மடிக்கணினி மேல் அந்த ஆய்வு வைத்த குற்றச்சாட்டு நம் நாற்பது பக்க நோட்டுக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். பேனாவையே நாம் தட்டச்சு இயந்திரமாக ஆக்கிவிட்டோம்.

சொல்ல எழுதுவதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. 1871ல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த உ.வே.சா.வும் ஆசிரியர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர்தான். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் தெரியும். ஆனால் அங்கே பிள்ளை சொன்ன பாடல் அந்த நிமிஷத்தில் பிறந்துகொண்டிருந்தது. எழுதியவர் ஒரு கவிதை உருவாவதைக் கூடவே இருந்து பார்த்தார். நம் வகுப்பில் பழைய நோட்டு புதிய நோட்டுக்குள் இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

அப்போ போன்தான் சரியா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது தமிழுக்கே உரிய சிக்கல், மேலே சொன்ன ஆய்வுகளில் வராதது. அக்கா மகள் போனில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறாள், செயலி அதைத் தமிழாக்கி நாலு சொல் நீட்டுகிறது, அவள் ஒன்றைத் தொடுகிறாள். லகரமா ளகரமா என்பதைச் செயலி முடிவு செய்கிறது. நோட்டில் அவள் 'பிள்ளை' என்று பிழையில்லாமல் எழுதியிருந்தாள். போனில் 'பில்லை'. கைக்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை.

கருவி எழுத்தைத் தொடுவது புதிதல்ல. ஓலை கிழிந்துவிடும் என்று மெய்க்குப் புள்ளி வைக்காமல் எழுதியவர்கள் நாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் 'லை'யின் தும்பிக்கை போனது. அப்பா மட்டும் கடிதத்தில் இன்னும் தும்பிக்கையோடுதான் போடுகிறார். தட்டச்சிலும் நல்ல வழி இல்லாமல் இல்லை. 1999ல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் 'க' தட்டி 'உ' தட்டினால் 'கு' வரும். இலக்கணம் சொன்ன உயிர்மெய் அப்படியே விரலில் இறங்கும். அரசு 2011ல் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. தம்பி அதில் படம்தான் பார்த்தான். தமிழ்99ஐ நானும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

இன்னொன்று, பருவத் தேர்வு மூன்று மணி நேரம், பேனாவில். கை பழகாதவள் அங்கே தோற்பாள். ஆசிரியரின் கண்டிப்பில் இந்த அக்கறையும் இருக்கும்.

மறுநாள் காலை பூ மார்க்கெட் பக்கம் போனேன். ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஒரே கூச்சல். அவர் அதில் எதையும் எழுதவில்லை. தராசு நின்றதும் பெயர், எடை, விலை, மூன்றே மூன்று. சொன்ன எல்லாவற்றையும் எழுதினால் அவர் கணக்கு எழுத முடியாது. நாளைக்கே அவர் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தாலும் அந்த மூன்றைத்தான் அதில் போடுவார். குறிப்பெடுப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எங்கள் தாலுகாவிலேயே இருக்கிற அதே வத்தலக்குண்டுதான் சி.சு. செல்லப்பாவுக்கும் ஊர். 1959ல் ஆரம்பித்து 1970 வரை அவர் நடத்திய பத்திரிகைக்கு 'எழுத்து' என்றே பெயர். அவர் வலியுறுத்தியது அலசல் விமர்சனம். சிறப்புகளை அடுக்கிப் பாராட்டினால் போதாது, படைப்புக்குள் இறங்கி அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அக்கா மகளின் நோட்டில் இருந்த ஐந்து சிறப்புகள் பாராட்டு. போனில் இருந்த அந்த ஒற்றைக் கேள்வி அலசலின் ஆரம்பம். அது போனில் இருந்ததற்குக் காரணம் போன் அல்ல, அங்கே யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான். 'பேனாவா போனா' என்ற சண்டை எதை மறைக்கிறது என்றால் இதைத்தான்: அந்தக் கேள்விக்கு வகுப்பில் இடமில்லை. ஆசிரியர் பத்து நிமிஷம் சொல்வதை நிறுத்திவிட்டு, "உங்களுக்குத் தோணுனதை எழுதுங்க" என்றால் பேனாவும் பிழைக்கும், போனும் பிழைக்கும்.

ஊருக்குக் கிளம்பும்போது அவளிடம் சொன்னேன். "அந்தக் கேள்விய நோட்டுலயும் எழுதி வையி. பிழையில்லாம, உன் கையெழுத்துல. மொத வரி இப்படி ஆரம்பி..."

"டிக்டேட் பண்றீங்களா மாமா?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன்.