மன்னிப்பின் அப்பம்

'மன்னித்துவிட்டேன், ஆனால் அவர் முகத்தில் விழிக்க மாட்டேன்' என்னும் சொல்லை நம் இல்லங்களில் நாம் அடிக்கடி கேட்கிறோம். பாகப்பிரிவினையில் மூண்ட சண்டை, திருமண வீட்டில் கிட்டாமற்போன மரியாதை, பங்குப் பேரவையில் வந்து விழுந்த ஒரு சுடுசொல் ஆகியவை ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் கனன்றுகொண்டிருக்க, கர்த்தர் கற்பித்த செபத்தையும் நாம் தவறாமல் சொல்லி வருகிறோம். இந்த முரண்பாட்டை உள்ளத்தில் இருத்திக்கொண்டு ஒரு பழைய நாவலை ஆராய முற்படுகிறோம்.

இத்தாலிய எழுத்தாளர் அலெசாந்த்ரோ மன்சோனி (1785-1873) 1827-இல் வெளியிட்டு, பின்னர் மொழிநடையைச் செப்பம் செய்து 1840 முதல் 1842 வரை பகுதி பகுதியாக மீண்டும் வெளியிட்ட 'மணம் நிச்சயிக்கப்பட்டவர்கள்' என்பதே அந்நாவல். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே 27 அன்று ஆற்றிய பொது மறையுரையில், திருமணத்திற்கு ஆயத்தமாவோர் இதனைப் படிக்க வேண்டுமென்று பரிந்துரைத்தார்.

கதை 1628-இல், ஸ்பானிய ஆட்சியிலிருந்த லொம்பார்தியில் தொடங்குகிறது. பட்டாலைத் தொழிலாளி ரென்சோவுக்கும் லூசியாவுக்கும் நடக்கவிருந்த திருமணத்தை, லூசியாமீது கண்வைத்த தோன் ரொத்ரிகோ என்னும் பிரபு தடுத்துவிடுகிறான். அவனுடைய அடியாட்களின் மிரட்டலுக்கு அஞ்சி, பங்குத்தந்தை தோன் அப்போந்தியோ மந்திரிக்க மறுக்கிறார். ஊரைவிட்டு ஓடிப் பிரிந்த இருவரும், பஞ்சத்தையும் 1630-ஆம் ஆண்டின் கொள்ளைநோயையும் கடந்து, மிலான் நகர நோயாளர் முகாமில் மீண்டும் சந்திக்கின்றனர்.

இக்கதையின் நெஞ்சம் மணமக்களிடம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குத் துணைநிற்கும் கப்புச்சின் துறவி கிறிஸ்தோபரோவிடம் இருக்கிறது. துறவு பூணுமுன் அவர் லொதொவிக்கோ என்னும் செல்வந்த வணிகரின் மகன். தெருவில் சுவரோரமாக யார் செல்வது, யார் விலகி வழிவிடுவது என்னும் அற்பத் தகராறில் வாள்கள் உருவப்படுகின்றன. அவரைக் காக்க வந்த பணியாள் கிறிஸ்தோபரோ மடிகிறார். எதிரியான பிரபுவை லொதொவிக்கோ கொன்றுவிடுகிறார். பின்பு துறவியாகி, தமக்காக இறந்தவரின் பெயரையே தம் பெயராக ஏற்று, கொல்லப்பட்டவரின் சகோதரர்முன் முழந்தாளிடுகிறார். குடும்ப கௌரவத்தைப் பறைசாற்றவே உறவினரைக் கூட்டி வைத்திருந்த அச்சகோதரர், அந்த மெய்யான மனத்தாழ்மை கண்டு இளகிவிடுகிறார். விருந்தை மறுக்கும் துறவி, மன்னிப்பின் அடையாளமாக ஓர் அப்பம் மட்டும் கேட்டுப் பெறுகிறார். சிறிது உண்டு, எஞ்சியதை வாழ்நாளெல்லாம் காத்து வைக்கிறார்.

ஆகவே இந்நாவலில் மன்னிப்பைப் போதிப்பவர், மன்னிப்புப் பெற்ற ஒரு குற்றவாளி. மன்சோனியின் நுட்பம் இதில்தான் உள்ளது. நோயாளர் முகாமில் ரென்சோ, கொள்ளைநோய் நீதி வழங்கவில்லையெனில் தானே வழங்குவதாகச் சீறுகிறான். கிறிஸ்தோபரோ அவனைக் கடிந்துகொள்கிறார். தாமும் ஒருவனை மனமார வெறுத்துக் கொன்றதைச் சொல்கிறார். கொல்லப்பட்டவன் கொடியவன்தானே என்று ரென்சோ சமாதானம் கூற முயல, அச்செயலுக்கு நியாயம் இருந்திருந்தால் முப்பது ஆண்டுகளில் தமக்கு அது அகப்பட்டிருக்காதா என்று கேட்டு அவன் வாயை அடைக்கிறார். முன்பு தான் மன்னித்ததாகச் சொன்னதெல்லாம் மன்னிப்பே அன்று என்பதை ரென்சோ அப்போதுதான் உணர்கிறான்.

மன்னிப்பு என்பது வாய்மூடிக் கிடப்பதா? இல்லை என்பதற்கு இரு அருட்பணியாளர்களையும் அருகருகே நிறுத்திப் பார்த்தாலே போதும். அப்போந்தியோ பகைமை பாராட்டாதவர்; ஆனால் அது அச்சத்தின் மௌனம். அதற்காகக் கர்தினால் பெதெரிகோ பொரோமேயோவின் கண்டிப்புக்கு அவர் ஆளாகிறார். கிறிஸ்தோபரோவோ ரொத்ரிகோவின் மாளிகைக்கே சென்று, அவன் முகத்துக்கு நேராகக் குற்றத்தை எடுத்துரைக்கிறார். அதே ரொத்ரிகோ நோயுற்றுக் கிடக்கும்போது அவனுக்காக மன்றாடச் சொல்கிறார். மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரமும் இவ்வாறே அமைந்துள்ளது. தவறிய சகோதரனிடம் தனித்துச் சென்று குற்றத்தை எடுத்துக்காட்டும் கடமை முதலில் வருகிறது. கணக்கற்ற மன்னிப்பு அதைத் தொடர்கிறது. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் போதிப்பது பலவீனர்மீது சுமத்தும் சுமையாகிவிடும்.

எனினும் இந்நாவலில் குறைகளும் உண்டு. பகைவனைக் கொள்ளைநோய்க்கு இரையாக்கி ஆசிரியர் சிக்கலை எளிதாக்கிவிட்டார் என்பர். அது முழு உண்மையன்று. ரொத்ரிகோவின் நிலை இன்னதென்று அறியாத வேளையிலேயே ரென்சோ மனமார மன்னிக்கிறான். அதன் பின்னரே நினைவிழந்து கிடக்கும் பகைவனைக் காண்கிறான். ஆயினும், மன்னித்த பகைவன் நலமாக எழுந்து, நாளும் எதிரே நடமாடினால் என்ன செய்வது என்னும் வினாவை நாவல் எழுப்பவில்லை. நம் துன்பமோ பெரும்பாலும் அதுவே; பகைவர் அடுத்த தெருவில் இருக்கிறார்; திருப்பலியில் முன் வரிசையில் அமர்கிறார்.

லூசியாவைப் படைத்த முறையிலும் நமக்கு மனநிறைவில்லை. பெருந்தீங்கு இழைக்கப்பட்டவள் அவளே. ரென்சோவின் சினத்துக்கும் மனமாற்றத்துக்கும் பக்கம் பக்கமாக இடமளிக்கும் ஆசிரியர், அவளுடைய மனக்காயத்தினுள் அந்த அளவுக்கு நுழைந்து பார்க்கவில்லை. மன்னிப்பு அவளுக்கு இயல்பாகவே வாய்த்தது போலாகிறது. பொறுத்துப்போவது பெண்ணின் கடமை என்று பழகிவிட்ட வாசகர், இதனைத் தமக்குச் சாதகமாகக் கொண்டுவிடக்கூடும்.

இறுதி அதிகாரத்திலோ மன்சோனியின் பார்வை கூர்மையாக இருக்கிறது. ரொத்ரிகோவின் வாரிசான மார்க்கீஸ், ஏழைகளின் நிலத்தை நல்ல விலைக்கு வாங்கி ஈடுசெய்கிறார்; மணவிருந்தும் அளிக்கிறார். மணமக்களுக்குத் தம் கையால் பரிமாறவும் செய்கிறார். ஆனால் உண்பதற்குத் தனியறைக்குப் போய்விடுகிறார். அவர்களுக்குக் கீழே இறங்கத் தெரிந்த அவருக்கு, அவர்களுக்குச் சமமாக அமரத் தெரியவில்லை என்று ஆசிரியர் மெல்லக் குத்திக்காட்டுகிறார். தனிப் பந்தியையும், கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பிய சுவரையும் கண்ட தமிழகத் திருச்சபையினராகிய நமக்கு அக்குத்தல் உறைக்காமல் போகாது. புண்பட்டவரிடம் மன்னிக்கும்படி கேட்குமுன், அவரோடு ஒரே பந்தியில் அமர நாம் ஆயத்தமா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாவலின் முடிவுக்குச் சற்று முன்னர், தாம் காத்துவந்த அப்பத்தின் மிச்சத்தைச் சிறு பேழையோடு ரென்சோவிடமும் லூசியாவிடமும் ஒப்படைக்கிறார் கிறிஸ்தோபரோ. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, எப்போதும் மன்னிக்கக் கற்பிக்கும்படி வேண்டுகிறார். அது காய்ந்துபோன ஒரு துண்டுதான். ஆனால் தாமும் ஒருநாள் மன்னிக்கப்பட்டவர் என்பதை அவருக்கு மறக்கவிடாமல் வைத்திருந்தது அதுவே. ஞாயிறுதோறும் நாம் பெறும் திருவப்பமும் நமக்கு அதையே நினைவூட்ட வருகிறது. இவ்வாரம் அதனைப் பெறச் செல்லுமுன், முன் வரிசையில் இருக்கும் அந்த ஒருவரை ஏறெடுத்துப் பார்ப்போமாக.