பத்து வரியில் ஒரு செயலி

நெல்லை வண்ணாரப்பேட்டையில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் ரசிகமணி டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்தால் சொல் சொல்லாக நிறுத்திச் சுவைப்பார். அப்படி நிறுத்தி வாசிக்கத் தகுந்த எழுத்து ஒன்று பெங்களூரில் இருக்கிறது. ஏறக்குறைய பத்து வரி கொண்ட ஒரு டாக்கர்ஃபைல் அது.

ஜே.பி. நகரில் இயங்கும் ஜெரோதா நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத், 2019-இல் லிஸ்ட்மங்க் என்ற செயலியை எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டார். பெயர்ப்பட்டியல் வைத்துக்கொண்டு செய்திமடல் அனுப்புவது அதன் வேலை. கோ மொழியில் எழுதியது. தரவு வைக்க போஸ்ட்கிரெஸ் ஒன்று போதும். இந்தச் செயலியையும் அது ஓடத் தேவையான கோப்புகளையும் அடுக்கடுக்காகக் கட்டிய பொதிதான் இமேஜ். அதை எப்படிக் கட்டுவது என்று டாக்கர் என்ற கருவிக்குச் சொல்வது டாக்கர்ஃபைல்.

முதல் வரியே ஆல்பைன் லினக்ஸ். விரித்துப் பார்த்தால்கூட 10 எம்பிக்குள் அடங்கும் அடித்தளம். இதில் எனக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. பதிப்பெண் குறிக்காமல் 'லேட்டஸ்ட்' என்று விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை கட்டும்போதும் அன்றைய பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்துசேரும் என்பது அதன் நியாயம். நானாக இருந்தால் எண்ணைப் போட்டிருப்பேன்.

அந்த வரிக்குப் பிறகு என்ன வரவில்லை என்று பாருங்கள். கோ மொழியின் கம்பைலர் இல்லை. முகப்பு விஊ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் எழுதப்பட்டது. ஆனாலும் அதைக் கட்டத் தேவைப்படும் நோடு இல்லை. கோ கருவிகள் அடங்கிய வழக்கமான இமேஜ் 800 எம்பியைத் தொடும். நோடுக்கு ஏறத்தாழ 1 ஜிபி. கட்டுமானம் முழுக்க வெளியே முடிந்து, விளைந்தது ஒரே ஒரு கோப்பாக உள்ளே வருகிறது. அந்தக் கோப்பின் அழகு தனி. சி மொழி நூலகங்களை நாடாதபடி அதைக் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஆல்பைனில் வழக்கமான கிலிப்சி நூலகம் இல்லாமல் மசல் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. முகப்புப் பக்கங்களும் எஸ்க்யூஎல் கோப்புகளும் மடல் வார்ப்புருக்களும்கூட அதற்குள்ளேயே இருக்கின்றன. கைலாஷ் நாத்தே எழுதிய ஸ்டஃப்பின் என்ற சிறு கருவி அவற்றைச் சுருக்கி, செயலிக் கோப்பின் வாலில் ஒட்டிவிடுகிறது. கட்டுச்சோற்றோடு ரயிலேறியவர் எந்த நிலையத்திலும் இறங்கித் தேட வேண்டியதில்லை அல்லவா, அந்த நிம்மதி இந்தக் கோப்புக்கு உண்டு.

நான் அதிக நேரம் நின்றுபோகும் இடம் இரண்டாவது வரி. ஆல்பைனின் ஏபிகே கருவியைக் கொண்டு நான்கு பொதிகளை நிறுவுகிறது. அவற்றில் ஒன்று சான்றிதழ்களின் தொகுப்பு. மடல் அனுப்ப மெயில் சர்வரோடு மறைகுறியாக்கத்துடன் பேச வேண்டும். எதிரில் இருப்பவர் உண்மையானவரா என்று சரிபார்க்க அது வேண்டும். இன்னொன்று உலக நேர மண்டலங்களின் பட்டியல். காலை 9 மணிக்குப் போகட்டும் என்று ஒரு மடலைக் குறித்து வைக்கிறோம். எந்த ஊர் 9 மணி? 'ஏசியா/கொல்கத்தா' என்ற பெயருக்குப் பொருள் சொல்ல அந்தப் பட்டியல் இருக்க வேண்டும். வெறும் ஆல்பைனில் அது இல்லை. மடல் செயலிக்கு இவ்விரண்டும் ஏன் தேவை என்று யோசித்து, தேவையானதை மட்டும் எடுத்த கை இது.

அதே வரியில் 'நோ-கேஷ்' என்று ஒரு சிறு சொல். அதற்குள் இமேஜ் அடுக்குகளின் இலக்கணமே இருக்கிறது. ஒரு வரியில் உண்டான கோப்பை அடுத்த வரியில் அழித்தால் அது போய்விடாது. மேலடுக்கில் 'இது இல்லை' என்று ஒரு குறி விழும். கீழடுக்கில் கோப்பு அப்படியே கிடக்கும், இறக்குகிறவர் எல்லோரும் அதையும் சேர்த்தே சுமப்பார்கள். குப்பையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது. உண்டாகாமலே பார்த்துக்கொள்ள வேண்டும். பொதிகளின் அட்டவணையைச் சேமிக்காதே என்று அந்தச் சொல் முன்கூட்டியே தடுத்துவிடுகிறது. கடவுச்சொல்லுக்கும் இதே கதிதான். ஒருமுறை அடுக்கில் எழுதி மறு வரியில் அழித்தாலும் தோண்டுபவருக்குக் கிடைக்கும். லிஸ்ட்மங்கின் தொடக்க ஸ்கிரிப்ட் கடவுச்சொற்களை ஓடும் நேரத்தில் வெளிக்கோப்பிலிருந்து வாசித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. பகிரப்படும் பொதிக்குள் ரகசியம் புகவே வேண்டியதில்லை.

அந்த ஸ்கிரிப்ட்டில் இன்னொரு பண்பும் உண்டு. நாம் ஒரு பயனர் எண்ணைக் கொடுத்தால், முழு அதிகாரம் கொண்ட ரூட்டாக எழுந்து, கோப்புகளின் உரிமையைச் சரிசெய்து, பிறகு சு-எக்ஸெக் என்ற கருவி வழியாகத் தன் அதிகாரத்தைத் துறந்து அந்தச் சாதாரணப் பயனராகச் செயலியை ஓட்டுகிறது.

செயலியையும் போஸ்ட்கிரெஸையும் சேர்த்து எழுப்ப இமேஜோடு தரும் கம்போஸ் கோப்பிலும் நயங்கள் உண்டு, இரண்டைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸின் 5432 வாசலை 127.0.0.1 என்ற உள்முகவரிக்கு மட்டும் திறந்திருக்கிறார்கள். இந்த முகவரியை எழுதாமல் விட்டால் டாக்கர் அதை உலகுக்கே திறந்துவிடும். லினக்ஸில் பலர் நம்பியிருக்கும் யுஎஃப்டபிள்யூ தடுப்பையும் அது தாண்டிப் போகும். மற்றது, நிறுவும் கட்டளையோடு வரும் 'ஐடெம்போடென்ட்' என்ற குறிப்பு. முதல் முறை அட்டவணைகளை உண்டாக்கும். பத்தாம் முறை ஓடினாலும் இருக்கும் தரவைத் தொடாது. கன்டெய்னர், அதாவது ஓடும் இமேஜ், எத்தனை முறை விழுந்து எழும் என்பது தெரிந்தவர் எழுதியது.

இனி, பகிர்வு. டாக்கர் ஹப் என்ற பொதுக் கிடங்கில் ஏற்றப்படும் ஒவ்வோர் அடுக்கும் தன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த எஸ்எச்ஏ-256 எண்ணாலேயே அடையாளம் பெறுகிறது. 64 எழுத்து நீளம். உள்ளே ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். வழியில் யார் கை வைத்தாலும் தெரிந்துவிடும். வேறொரு செயலிக்காக அதே ஆல்பைன் அடுக்கை ஏற்கெனவே இறக்கியிருந்தால் மறுபடி இறங்காது, 'ஏற்கெனவே இருக்கிறது' என்று ஒரு வரி மட்டும் வரும். ஒரே பெயரைக் கேட்டாலும் இன்டெல் சிப்புக்கு ஒன்று, ஆர்ம் சிப்புக்கு ஒன்று எனத் தக்கது வந்துசேரும். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஒரு சிறிய வாசகசாலை நடத்துபவர், உறுப்பினர்களுக்கு மாத மடல் அனுப்ப நினைத்தால், மேசையில் கிடக்கும் ராஸ்பெரி பையில் இதை இறக்கி ஓட்டலாம். எந்த நகல் தனக்குப் பொருந்தும் என்று அவர் அறிந்திருக்கவும் வேண்டாம்.

1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த, செயலியை ஒரு கோப்பகத்துக்குள் அடைக்கும் சிஎச்ரூட், 2006-இல் கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கிய, வளங்களுக்கு வரம்பு கட்டும் சிகுரூப்ஸ், 2013 மார்ச்சில் பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்தே நிமிடத்தில் காட்டிய டாக்கர் என்று இதன் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. அவ்வளவும் சேர்ந்து நம் கைக்கு வரும்போது எளிமையாக இருக்க வேண்டுமானால் கடைசியில் கட்டுகிறவரும் கவனமாக இருக்க வேண்டும். லிஸ்ட்மங்கைக் கட்டியவர்களிடம் அந்தக் கவனம் இருக்கிறது.

இமேஜ் கட்டக் கற்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிட்ஹப்பில் லிஸ்ட்மங்கின் டாக்கர்ஃபைல் திறந்தே கிடக்கிறது. உங்களுடையதை எழுதுமுன் அதை எடுத்து, ஒவ்வொரு சொல்லாக மறைத்து, அது இல்லாவிட்டால் எது கெடும் என்று கேட்டுப் பாருங்கள்.