1963 நவம்பர் 3: கைவிட்டதும் கைவிடாததும்

ஒவ்வொரு தேர்தல் சமயத்திலும் எங்கள் அலுவலக கேண்டீனில் ஒரு சண்டை நடக்கும். கட்சி என்றால் கொள்கையில் நிற்க வேண்டும் என்பார் ஒருவர். கொள்கையை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா, ஓட்டு விழ வேண்டாமா என்பார் இன்னொருவர். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருமே சாட்சிக்குக் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான்: அண்ணாவை. "பதவிக்காகத் திராவிட நாட்டைக் கைகழுவினார்" என்பது ஒரு தரப்பு. "இறங்கி வந்தார், அதனால்தான் 1967இல் ஜெயித்தார்" என்பது மறு தரப்பு.

ஒரே சாட்சி இரண்டு பக்கத்துக்கும் பேசுகிறார் என்றால் கேள்வியில்தான் ஏதோ கோளாறு. அதனால் ஒரு காரியம் செய்தேன். 1949 முதல் 1969 வரை தி.மு.க. எதை விட்டது, எதை வைத்துக்கொண்டது, எதைச் சட்டமாக்கியது என்று எக்ஸெல்லில் ஒரு பட்டியல் போட்டேன். அதைப் பார்த்தபோது நானும் இத்தனை நாள் தப்பாகத்தான் வாதாடிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

முதலில், இறங்கி வருவது 1963இல் தொடங்கிய சமாச்சாரம் இல்லை. 1949 செப்டம்பர் 17 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கட்சி தொடங்கியபோதே தொடங்கிவிட்டது. பெரியாரின் திராவிடர் கழகம் தேர்தல் பக்கமே போகாத இயக்கம். புதிய கட்சி 1952 தேர்தலில் நிற்கவில்லை. 1956இல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று வாக்குப்பெட்டி வைத்து வந்திருந்தவர்களையே கேட்டார்கள். நிற்கலாம் என்றது பெரும்பான்மை. 1957இல் 15 இடம், 1962இல் 50 இடம். கடவுள் விஷயத்திலும் அப்படித்தான். பெரியார் 1953இல் பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்தியபோது, பிள்ளையாரை உடைக்கவும் மாட்டேன், அவருக்குத் தேங்காய் உடைக்கவும் மாட்டேன் என்ற நிலையில் அண்ணா நின்றது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாத்திக இயக்கத்திலிருந்து வந்த கட்சி, கோயிலுக்குப் போகிறவனும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்துவைத்தது.

இப்போது 1963. அதற்கு முந்தைய வருஷம் மே மாதம்தான் அண்ணா மாநிலங்களவையில் தனது முதல் பேச்சிலேயே திராவிட நாட்டுக்காக வாதாடியிருந்தார். அக்டோபரில் சீனப் போர் வந்தது, பிரிவினைப் பிரச்சாரத்தை நிறுத்திவைத்தார்கள். அப்புறம் வந்தது அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம். தேர்தலில் நிற்கிறவர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தாக வேண்டும். ஒன்று கோரிக்கையை விட வேண்டும், இல்லை தேர்தலை விட வேண்டும். 1963 நவம்பர் 3 அன்று கட்சி தன் சட்டதிட்டத்தின் 2ஆவது விதியையே திருத்தியது. தனி நாடு போய், இந்திய இறையாண்மைக்கு உட்பட்டு நான்கு தென் மாநிலங்களும் கூடுதல் அதிகாரத்தோடு கூடி இயங்குவது என்று இலக்கு மாறியது. கோரிக்கையைத்தான் விட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா விளக்கம் சொன்னார்.

இது சமாளிப்புப் பேச்சு என்றுதான் நான் வெகுநாள் நினைத்தேன். ஈ.வெ.கி. சம்பத்தின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எண்ணம் மாறியது.

சம்பத் பெரியாரின் அண்ணன் மகன், 1957இல் நாமக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போனவர். திராவிட நாடு நடக்கிற காரியம் இல்லை என்று 1961லேயே வெளியேறி, தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கினார். கண்ணதாசனும் கூடப் போனார். அண்ணா 1963இல் வந்து சேர்ந்த இடத்துக்கு சம்பத் இரண்டு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டார். பரிசு? 1962 தேர்தலில் ஓர் இடம்கூட இல்லை. 1964இல் கட்சியே காங்கிரசில் கரைந்தது. இறங்கி வந்தால் ஓட்டு விழும் என்கிறவர்கள் சம்பத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

அமைப்பு பலம், சினிமா, 16ஆவது திருத்தம் தந்த கட்டாயம் எல்லாம் அண்ணாவுக்குச் சாதகமாக இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அடிப்படை வித்தியாசம் ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் ரிக்வயர்மென்ட் வேறு, டிசைன் வேறு. டிசைன் ஓடவில்லை என்றால் தூக்கிப் போடலாம், ரிக்வயர்மென்ட்டைத் தூக்கிப் போட்டால் ப்ராஜெக்டே இல்லை. திராவிட நாடு ஒரு டிசைன். மொழியும் மாநில அதிகாரமும் ரிக்வயர்மென்ட். சம்பத் டிசைனை விட்டபோது, காங்கிரசிலிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்ட அவரிடம் மிஞ்சியது கொஞ்சம்தான். அண்ணா விட்டபோது மிஞ்சியது நிறைய. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது, காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பது வெறும் பேச்சில்லை என்று ஊருக்கே தெரிந்தது.

அடுத்து 1967 கூட்டணி. ராஜாஜியின் சுதந்திரா கட்சி 1959இல் பிறந்ததே கூட்டுறவுப் பண்ணை, நில உச்சவரம்பு, லைசென்ஸ் ராஜ்யம் ஆகியவற்றை எதிர்க்கத்தான். சோஷலிசம் பேசிய தி.மு.க. அவரோடு சேர்ந்தது. 1937-38இல் பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அதே ராஜாஜிதான். அதே அணியில் மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. கணக்குப்படி பார்த்தால் கூட்டணி இல்லாமல் வெற்றி இல்லை. அந்தத் தேர்தலில் காங்கிரசுக்கு விழுந்தது சுமார் 41 சதவீதம், தி.மு.க.வுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, கொஞ்சம் குறைவு. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்று வாங்கிய ஓட்டு அது. தி.மு.க. தொகுதிகளைப் பங்குபோட்டு, எதிர்ப்பு ஓட்டைச் சிதறாமல் சேர்த்தது. சுதந்திராவுக்கு 20 இடம், மார்க்சிஸ்டுக்கு 11 இடம்.

ஆட்சிக்கு வந்தபின் என்ன ஆயிற்று? பட்டியலில் என்னை யோசிக்க வைத்த இடம் இது. ஓட்டுக்காகச் சேர்த்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். அந்த ஒரு படியும் சென்னை, கோவை நகரங்களைத் தாண்டிப் பரவவில்லை. பழைய கொள்கையிலிருந்து வந்தவைதான் நிலைத்தன: சுயமரியாதைத் திருமணச் சட்டம், 1968 ஜனவரியில் இருமொழித் தீர்மானம், 1969 பொங்கலன்று நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு என்ற பெயர். மாநில அதிகாரத்தை ஆராய ராஜமன்னார் குழு 1969இல் அமைந்தது. திராவிட நாட்டைக் கைகழுவினார் என்கிறவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை சுகமாக முடிந்துவிடும். ஆனால் பட்டியலில் ஒரு கட்டம் காலியாகவே இருந்தது: சாதி ஒழிப்பு.

1968 டிசம்பர் 25. அன்றைய கிழக்குத் தஞ்சை, கீழ்வெண்மணி. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூடுதல் கூலி கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். நிலச்சுவான்தார்கள் பல மாதமாகச் சங்கம் வைத்து மிரட்டிக்கொண்டிருந்த பகுதி அது. ஆட்சியில் இருந்தது அண்ணா. நோயோடு இருந்தார், அடுத்த பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அவர் மனம் கலங்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கணபதியா பிள்ளை கமிஷன் வந்தது, 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, 1970இல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆனது. எல்லாம் எரிந்த பிறகு.

ஏன் முன்னால் வரவில்லை? 1967 மேடையை மறுபடி பாருங்கள். நில உச்சவரம்பை எதிர்த்த கட்சியும் கூலிக்காரனின் சங்கமும் ஒரே மேடையில். காங்கிரஸ் வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒற்றுமை, தஞ்சையில் கூலி எவ்வளவு என்ற கேள்வியில் இருவரும் எதிரெதிர். அந்தக் கேள்விக்கு அணியிடம் பதில் இல்லை. தி.மு.க.வுக்குள்ளேயும் கிராமத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்துவிட்டிருந்தார்கள். சாதி ஒழிப்பை எந்தப் பொதுக்குழுவும் கைவிடவில்லை, எந்த விதியையும் திருத்தவில்லை. மேடையில் அது பேசப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. அதனால்தான் அது நழுவுவது யார் கண்ணிலும் படவில்லை.

என் விமர்சனம் இதுதான். திராவிட நாட்டைத் தீர்மானம் போட்டு விட்டார்கள். ஏன் என்று சொன்னார்கள், எது மிச்சம் என்றும் சொன்னார்கள். தொண்டன் கோபப்பட முடிந்தது, விலக முடிந்தது, ஐந்து வருஷம் கழித்துக் கணக்குக் கேட்கவும் முடிந்தது. சாதி ஒழிப்பில் அப்படி எதுவும் முடியவில்லை, ஏனென்றால் காகிதத்தில் அது பத்திரமாக இருந்தது. அறுபது வருஷமாக நாம் 1963ஐப் பற்றியே சண்டை போடுகிறோம். துரோகம் என்று தேட வேண்டிய இடம் அது இல்லை.

ஒரு கட்சி ஆட்களைச் சேர்க்க இறங்கி வரும்போது நான் இப்போது இரண்டு விஷயம் பார்க்கிறேன். விட்டதை வாய்விட்டுச் சொல்கிறதா? புதிதாக வருகிறவனுக்காக ஏற்கெனவே உள்ளே இருக்கிறவன் எவன் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது? முதல் கேள்வியில் அண்ணாவுக்கு நல்ல மதிப்பெண் போடுவேன். இரண்டாவதில் முடியவில்லை.

கேண்டீன் நண்பர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். தகவல் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். கருத்து மாறுபாடு என்றால் டீ உங்கள் செலவு.