மிஸ்யே உலோவின் விடுமுறை

மிஸ்யே உலோவின் விடுமுறை (1953) ழாக் தாத்தி இயக்கி நடித்த பிரெஞ்சு நகைச்சுவைத் திரைப்படம். மேற்குப் பிரான்ஸின் சேன் மார்க் சுர் மேர் என்னும் கடற்கரைச் சிற்றூரில் எடுக்கப்பட்டது.

பெரிய கதை ஏதுமில்லை. ஓய்வெடுக்க வந்தவர்களுக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை என்பதே படத்தின் நகைப்பு. வணிகர் ஒருவரைக் கடற்கரையிலும் தொலைபேசி விடுவதில்லை. விடுதியின் உணவு மணி அடித்ததும் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். நகரத்தின் ஒழுங்கை அவர்கள் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். உலோ மட்டும் அதை அறியாமலேயே கலைக்கிறார். பலரும் அவர்மேல் எரிச்சல் கொள்கிறார்கள்.

அவ்வூரிலேயே வாழும் மக்கள் ஓரத்தில் மட்டும் தென்படுவது படத்தின் குறை. ஆனால் தாத்தி யாரையும் இகழ்வதில்லை. பேச்சைக் குறைத்து, அலையோசைக்கும் உணவறைக் கதவின் ஒலிக்கும் இடம் தருகிறார். பாத்திரங்களுக்கு வாய்க்காத ஓய்வு பார்வையாளருக்கு வாய்க்கிறது.