வாகிஃப், அஸீஸா: தந்தையின் பியானோவும் மகளின் குரலும்

ஜாஸையும் சாஸ்திரிய இசையையும் ஒன்றிணைத்த பியானோக் கலைஞர்கள் என்றதும் 1924இல் 'ரப்ஸடி இன் புளூ'வைத் தந்த ஜோர்ஜ் கேர்ஷ்வின் தொடக்கம் அமெரிக்கப் பெயர்களே வரிசையில் வந்து நிற்கும். இந்த வரிசையின் பின்னால் எழுதப்படாத ஓர் எடுகோள் உண்டு: சாஸ்திரிய இசை என்றால் அது ஐரோப்பாவினுடையது. இந்த எடுகோளை விவாதமேதும் செய்யாமல், வாசித்தே உடைத்தவர் அஸர்பைஜானைச் சேர்ந்த வாகிஃப் முஸ்தபா ஸாதா. அவரது மகள் அஸீஸா அந்த இசையை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றார். தந்தை கண்டடைந்தது மகளிடம் முழுமையாக வந்து சேர்ந்ததா என்பதே இங்கு எமது கேள்வி.

அரபு மொழியின் 'மகாம்' அஸர்பைஜானில் 'முஃகாம்' ஆகிறது. கிராஅத்தைச் செவிமடுத்துப் பழகியவர்களுக்கு ரஸ்த், ஸீகா போன்ற பெயர்கள் அந்நியமானவையல்ல. முஃகாமில் பாடகர் கையில் தஃப் போன்றதொரு பறையை ஏந்தி அமர்ந்திருப்பார். இருபுறமும் தார், கமான்சா என்னும் நரம்பு வாத்தியங்கள். தாளக்கட்டுக்குள் அடங்காத ஆலாபனை தாழ்ந்த ஸ்தாயியில் தொடங்கிப் படிப்படியாக உச்சத்தை எட்டிப் பின்னர் தொடங்கிய இடத்துக்கே இறங்கி வரும். பாதை முன்னரே வகுக்கப்பட்டது, நடை பாடகருடையது.

இதனை மேற்கின் வாத்தியங்களோடு சேர்க்கும் முயற்சி வாகிஃபுக்கு முந்தியது. 1908 ஜனவரியில் பாகு நகரில் அரங்கேறிய உஸேயிர் ஹாஜிபேய்லியின் 'லைலா மஜ்னூன்' முஸ்லிம் உலகின் முதல் ஒபெரா எனக் கொள்ளப்படுகிறது. புஸூலியின் காவியமே அதன் மூலம். பெண்கள் மேடையேற முடியாத காலமாதலால் லைலாவாக நடித்தவர் ஓர் ஆண். எனினும் அந்த ஒபெராவில் முஃகாமும் இசைக்குழுவும் பெரும்பாலும் மாறிமாறியே ஒலித்தன. ஒரே கூரையின் கீழ் இரு குடித்தனங்கள்! 1948இல் ஃபிக்ரெத் அமீரொவ் எழுதிய சிம்பொனி முஃகாம்கள் சுவரைத் தகர்த்தன. ஆனால் அவை தாளில் எழுதப்பட்டு வாசிக்கப்பட்டவை. முஃகாமின் உயிரான உடனடிக் கற்பனைக்கு அங்கே இடமில்லாது போயிற்று.

இந்த இடத்தில்தான் ஜாஸ் வருகிறது. 1940 மார்ச் 16இல் பாகுவில் பிறந்த வாகிஃபுக்குத் தாயார் பியானோ ஆசிரியை. ஆகவே ஐரோப்பிய மரபு வீட்டிலேயே கிடைத்தது. ஜாஸோ வெளியிலிருந்து, குறுஅலை வானொலியின் இரைச்சலுக்கூடாக, இரவுகளில் வந்தது. ஸ்டாலினின் இறுதிக் காலத்தில் ஸெக்ஸபோனே சந்தேகத்துக்குரிய வாத்தியமாயிருந்தது. முஃகாமும் தப்பியதாகச் சொல்வதற்கில்லை. இருபதுகளின் இறுதியில் 'தார்' நிலப்பிரபுத்துவத்தின் எச்சம் என்று தூற்றப்பட்டபோது, அதைப் பாடச்சொல்லிக் கவிதை எழுதியவர் மிகாயில் முஷ்ஃபிக். 1938இல், முப்பது வயதைக்கூட எட்டாமல், அக்கவிஞர் கொல்லப்பட்டார். கவிதைக்காக மட்டும் கொன்றார்கள் என்று சொல்வது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். ஆயினும் ஒரு வாத்தியத்துக்காகப் பரிந்து பேசுவது எத்தகைய காலத்தில் நிகழ்ந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அதிகாரத்தால் ஐயத்தோடு நோக்கப்பட்ட இரண்டு இசைகளை ஒரு பியானோவின் முன் அமர்த்தியவர் வாகிஃப்.

பியானோ முஃகாமுக்கு ஒவ்வாத வாத்தியம். இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட நுண்சுருதி அதில் கிடையாது. மீட்டிய ஒலியை வளைக்கவும் இயலாது. வாகிஃப் செய்தது என்ன? தார் கலைஞரின் மிஸ்ராப் ஒரே தந்தியை அதிவிரைவாகத் தட்டுவதுபோல ஒரே சுரத்தைத் திரும்பத்திரும்ப ஒலித்தார். அயற்சுரத்தைக் கணப்பொழுது தீண்டிவிட்டு விலகி, இல்லாத சுருதியை எமது செவியே கற்பித்துக்கொள்ளும்படி செய்தார். 1959இல் மைல்ஸ் டேவிஸின் 'கைன்ட் ஒஃப் புளூ' இசைத்தட்டின் பின்னர் ஜாஸும் ஸ்வர அடுக்குகளின் வேகமான மாற்றத்தைக் கைவிட்டு, ஒரு சுரவரிசைக்குள் நின்று கற்பனை செய்யும் பாணியை நாடியிருந்தது. இரு மரபுகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துகொண்டிருந்த வேளை அது. 'பயாத்தி' போன்ற அவரது ஆக்கங்களில் எது ஜாஸ், எது முஃகாம் என்று பிரித்துப் பார்க்க முயல்பவர் தோற்றுப்போவார்.

1970இல் அவர் அமைத்த பெண்கள் நால்வர் குழுவின் பெயர் 'லைலி'. ஆண் ஒருவர் லைலாவாக நடித்த அரங்கேற்றத்தை அறிந்தவர்களுக்கு இப்பெயர் வேறொரு பொருளையும் தரும். பின்னர் 'ஸெவில்', இறுதியாக 'முஃகாம்' எனக் குழுக்கள் தொடர்ந்தன. 1978இல் 'அஸீஸாவை எதிர்பார்த்து' என்ற ஆக்கம் மொனாக்கோவில் நடைபெற்ற சர்வதேச ஜாஸ் இசையமைப்பாளர் போட்டியில் முதற்பரிசு பெற்றது. மறு ஆண்டு டிசம்பர் 16இல், தாஷ்கண்டில் கச்சேரி முடித்த கையோடு, 39ஆவது வயதில் மாரடைப்பால் இறந்தார். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு மூன்று நாட்களே இருந்தன.

அந்த மகளின் முதல் இறுவட்டு 1991இல் வெளிவந்தது. பியானோவும் குரலும், பெரிதாக வேறொன்றுமில்லை. அதிலுள்ள 'சார்கா' அதே பெயருடைய முஃகாமைத் தழுவியது. தந்தை பியானோவில் இயலாது விட்ட நுண்சுருதியை மகள் தொண்டையால் நிரப்புகிறார். இது ஒரு கண்டுபிடிப்பு என்றே கொள்ளவேண்டும். வாத்தியத்தின் குறைபாட்டைச் சமாளித்தவர் தந்தை. அக்குறைபாட்டைப் பியானோவிலேயே விட்டுவிட்டுக் குரலை அருகில் அழைத்துக்கொண்டவர் மகள்.

1995இல் வந்த 'டான்ஸ் ஒஃப் ஃபயர்' அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. கிட்டாரில் அல் டி மியோலா, பேஸில் ஸ்டான்லி கிளார்க். பெரிய பெயர்கள்தான். ஆனால் என் செவிக்கு இது அவரது பலவீனமான இறுவட்டு. ஒவ்வொரு விருந்தினரும் தம் வித்தையைக் காட்டி முடிப்பதற்குள் முஃகாம் வெறும் வாசனைத் திரவியமாகக் குறுகிவிடுகிறது. பாடலொன்றின் தலைப்பு 'ஷெஹெரஸாதே'. மேற்கின் சந்தைக்குக் கிழக்கத்தியப் பெண் எந்த வேடத்தில் வந்தால் விலைபோகும் என்பதை எட்வர்ட் ஸெய்த் 1978இலேயே எழுதிவிட்டார். அவரும் பியானோ வாசித்தவர் என்பது தற்செயலான பொருத்தம். அஸீஸாவின் திறமையில் எமக்கு ஐயமில்லை. அதற்குப் போர்த்தப்பட்ட சட்டையே நெருடுகிறது.

அடுத்த ஆண்டே அவர் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டார் எனலாம். 'செவன்த் ட்ரூத்'தில் மீண்டும் தனிமை. துணைக்குச் சென்னையில் பிறந்த தாளவாத்தியக் கலைஞர் ரமேஷ் ஷோத்தம். எமக்குப் பழக்கமான தாள நடைகள் பின்னணியில் அடக்கமாக ஒலிப்பதும், அவற்றின் மேல் பியானோ அவசரமின்றி விரிவதும் கேட்கக் கேட்கச் சலிக்காதவை. ஐரோப்பிய மரபும் இங்கே உடன் நடக்கிறது. பாஹின் பாணியில் இரு கைகளும் தனித்தனி இழைகளைப் பின்னும்போது, ஓர் இழையில் முஃகாமின் சாயல் படிந்திருப்பதைக் கவனித்துக் கேட்டால் உணரலாம்.

2006, 2007 ஆண்டுகளில் வந்த 'கொன்ட்ராஸ்ட்ஸ்' இரண்டும் ஒபெராவையும் ஜாஸையும் இணைக்க முனைந்தவை. குரலின் வீச்சு வியக்கவைக்கிறது, இணைப்பு அவ்வாறில்லை. ஒபெராப் பாணியில் ஒரு பகுதி, பின்பு சொற்களற்ற ஜாஸ் ஆலாபனை, மீண்டும் ஒபெரா. நூறு ஆண்டுகளுக்கு முன் ஹாஜிபேய்லி விட்ட இடத்திலேயே, இரு குடித்தனங்கள் தனித்தனியே உலை வைப்பதைக் கேட்கிறோம். அவரோ முதல் ஆளாக நின்று முயன்றவர். அந்தச் சலுகை அவருக்கு உண்டு. பின்னே அமீரொவையும் சொந்தத் தந்தையையும் கொண்ட ஒருவரிடம் நாம் கூடுதலாகக் கேட்பது நியாயமே.

வாகிஃபின் ஒலிப்பதிவுகள் பலவற்றில் தரம் குறைவு. சில இடங்களில் பியானோ தகரப்பெட்டிபோல் ஒலிக்கிறது. மகளின் இறுவட்டுகளோ பளிங்குபோலத் துலக்கமானவை. புதிதாகக் கேட்க விரும்புவோர் துலக்கத்தை நாடி 'டான்ஸ் ஒஃப் ஃபயரை' எடுக்காமல், முதலில் 'அஸீஸாவை எதிர்பார்த்து', அதன் பின் 1991இன் 'சார்கா' என்ற ஒழுங்கில் கேட்பதே உசிதம்.