மலைநாட்டில் கேட்ட சிரிப்பு

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் நகைச்சுவையை ரசிக்கத் தெரியாதவர் இல்லை. ரேடியோ, சினிமா, டிவி, இப்போது கைப்பேசி என்று வழி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் எந்த வழியில் வந்தாலும் பேசுகிறவர் வேறு ஊர்க்காரர், சிரிக்கிறவர்கள் நாம். இது மாற வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஒரு நகைச்சுவை நல்லதா என்று பார்க்க இரண்டு விஷயம் போதும். கலைஞருக்கு மனிதர் பேச்சைப் பிடிக்கும் காது இருக்கிறதா? அவர் கிளப்பும் சிரிப்பு யார் தலையில் விழுகிறது?

இலங்கை வானொலி அந்தக் காது உள்ளவர்களை நிறையவே தந்தது. சானா என்று எல்லோரும் அழைத்த எஸ். சண்முகநாதன் 'லண்டன் கந்தையா' மூலம் யாழ்ப்பாணப் பேச்சை நாடெங்கும் கேட்க வைத்தார். பிறகு வந்தது 'கோமாளிகளின் கும்மாளம்'. இலங்கைத் தமிழ் நகைச்சுவையின் உச்சம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். எழுதியவர் எஸ். ராமதாஸ், மரிக்காராகப் பேசியவரும் அவரே. ரி. ராஜகோபால் அப்புக்குட்டி. எஸ். செல்வசேகரன் உபாலி. ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீது! ராமதாஸ் மரிக்காராகவும் அப்துல் ஹமீது ஐயராகவும் பேசியதில் ஒரு பெரிய மனசு இருந்தது. முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், ஐயர் வீட்டுத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் எல்லாம் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும். ஒருவர் சொன்னதை மற்றவர் தப்பாக எடுத்துக்கொள்வதில் சிரிப்புப் பிறக்குமே தவிர, ஓர் இனத்தை மட்டம் தட்டிப் பிறக்காது. உபாலியின் தமிழைக் கேட்டுச் சிரித்தவர்கள் உபாலியை வெறுக்கவில்லை. அவர் எப்போது வாயைத் திறப்பார் என்று காத்திருந்தார்கள்.

அந்த நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்று படமானது. இயக்கியவர் எஸ். ராமநாதன். இதற்கு முந்திய வருஷந்தான் அவர் 'புதிய காற்று' எடுத்திருந்தார். தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசனின் படம், தெளிவத்தை ஜோசப்பின் எழுத்து, தோட்டத் தொழிலாளியின் போராட்டம். ஒரே இயக்குநர், அடுத்தடுத்த இரண்டு படங்கள். முதலாவதில் நாம் இருக்கிறோம், கஷ்டப்படுகிறோம், போராடுகிறோம். இரண்டாவதில் நாடே கூடிச் சிரிக்கிறது, அந்த நால்வரில் ஒரு தோட்டத்து ஆள் இல்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம்மை அழவும் கோபப்படவும் மட்டுமே தெரிந்தவர்களாகப் பார்க்கிற வழக்கம் நம் எழுத்தாளர்களிடமும் இருந்தது, இன்னும் இருக்கிறது. அது எனக்கு வலிக்கிறது.

கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைட்' இன்னொரு பள்ளிக்கூடம். ஒரே ஆள், ஒரு பஸ் முழுக்கச் சனம். கண்டக்டரும் அவரே, கண்டக்டரோடு மல்லுக்கட்டும் பயணிகளும் அவரே. யாழ்ப்பாணத்து பஸ் என்றாலும், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று பழகியவனுக்கு ஒவ்வொரு குரலும் தெரிந்த ஆளாகத்தான் படும்.

தமிழ்நாட்டுச் சினிமாவிலிருந்து வந்தது பெருவெள்ளம். அதில் எனக்கு முதல் இடம் 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், பணக்கார அப்பா பாலையாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்கிறார். குரலை ஏற்றி, இறக்கி, வாயாலேயே சத்தம் கொடுத்து மிரட்டுகிறார். எல்லோரும் நாகேஷைப் புகழ்வார்கள். அடுத்த தடவை பாலையாவை மட்டும் பாருங்கள். வீட்டையே அதட்டி வைத்திருக்கும் மனிதர், பேச்சே இல்லாமல் முகத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தை ஆகிவிடுகிறார். கேட்கத் தெரிந்த நடிகர் எதிரில் இருந்தால்தான் சொல்கிறவர் சிறக்க முடியும். அந்தப் பாடத்தை இதைவிட நன்றாகச் சொல்லித்தந்த காட்சி இல்லை.

'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை, அது மனப்பாடம். கவுண்டமணி பெரிய மனிதர்களின் பவிசை உரிக்கும்போது நான் அவர் ரசிகன். செந்திலின் நிறத்தையும் உடம்பையும் இழுக்கும்போது இல்லை. கறுப்பு என்றும் தோட்டக்காட்டான் என்றும் ஏச்சு வாங்கிய சனம் நாம், அதற்கு நாமே கைதட்டக் கூடாது. வடிவேலுவை நம்மவர்கள் இவ்வளவு கொண்டாடுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 'வின்னர்' (2003) கைப்புள்ள பேசுவது மலையளவு, வாங்குவது அடி. அங்கே சிரிப்பு வீறாப்பின் மேல்தான் விழுகிறது. கிரேசி மோகனின் சொல் விளையாட்டு நுட்பமானது, ஆனால் அது படித்த வீட்டுக் கூடத்துச் சிரிப்பு. லயத்துக்கு அவ்வளவாக இறங்கவில்லை.

டிவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகலை உச்சியில் ரூபவாஹினியின் கோபுரம் நிற்கிறது. ஆனாலும் தோட்டத்து நகைச்சுவை என்று அங்கிருந்து மனதில் நிற்கும்படி ஒன்றும் இறங்கி வரவில்லை. டிஷ் வந்த பிறகு எல்லாம் சென்னைதான். 'லொள்ளு சபா', 'கலக்கப்போவது யாரு' இரண்டும் நம் பையன்களுக்குப் பலகுரல் ஆசையைக் கொடுத்தன.

அந்த ஆசை நமக்குப் புதிதல்ல. இளம் துரைமார் தமிழ் பழக 'இங்கே வா' என்றொரு கையடக்கப் புத்தகமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சாகி இருந்தது. அந்தப் புத்தகத் தமிழை வைத்துக்கொண்டு பிரட்டுக் களத்தில் அதட்டிய துரையை, சாயந்தரம் லயத்து வாசலில் அப்படியே பேசிக்காட்ட ஆள் இருந்தது. துரையின் நடை, கங்காணியின் குழைவு, கணக்கப்பிள்ளையின் இருமல் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் பாட்டிமாரை நான் பார்த்திருக்கிறேன். கொழுந்து மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண், "ஐயா, கூடைக்குக் கழிச்சிட்டீங்க, தண்ணிக்குக் கழிச்சிட்டீங்க, என்னையும் கொஞ்சம் கழிச்சிட்டு வீட்டுக்கு அனுப்புங்களேன்" என்பாள். வரிசையே சிரிக்கும், கணக்கப்பிள்ளை நிமிர மாட்டார். முழுநாள் சம்பளத்துக்குப் பேர் போடுவதும் பாதிக்கு அரைப்பேர் போடுவதும் அவர் கையில்தான் இருக்கிறது, அது தெரிந்துதான் பேசுகிறாள். என் இரண்டு அளவுகோலுக்கும் இது தேறும். மாசி மாதக் காமன் கூத்தில் குறவனும் குறத்தியும் வரும்போதும் இதே வாய்தான் பேசுகிறது.

இப்போது கைப்பேசியில் கோபியும் சுதாகரும் 'பரிதாபங்கள்' காட்டுகிறார்கள். கோயம்புத்தூர் 'நக்கலைட்ஸ்' தன் ஊர்ப் பேச்சை மறைக்காமலே உலகத் தமிழரைச் சேர்த்துக்கொண்டது. நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொங்குத் தமிழ் பேசிக் காட்டுகிறார்கள். நன்றாகவே பேசுகிறார்கள். கொங்குப் பேச்சால் முடிந்தது கொட்டகலைப் பேச்சால் முடியாதா? பஸ்ஸில் கொழுந்துக்காரிகள் பேசிவருவதை எழுதிப் பதிவு செய்தால் ஒரு மணி நேர ஒலித்தொடருக்கு வாராவாரம் சரக்கு இருக்கிறது. கமரா கூட வேண்டாம், ராமதாஸ் குழுவுக்கு மைக் மட்டும்தான் இருந்தது.

தோட்டத் திருவிழா நடத்துகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. வடிவேலு குரலுக்குக் கொடுக்கிற பரிசைக் கொடுங்கள். அதே மேடையில் பத்து நிமிஷம், சொந்தத் தோட்டத்தின் பேச்சில் சொந்தமாக எழுதி வருகிறவர்களுக்கும் ஒதுக்குங்கள். நடித்து முடித்ததும் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். முதல் வருஷம் ஒருவரும் வராமல் போனாலும், அடுத்த வருஷ நோட்டீசில் அந்தப் பத்து நிமிஷத்தை எடுத்துவிடாதீர்கள்.