குளிர்ந்த இஞ்சினும் குறிப்பறிதலும்

பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஆரணியில் கைத்திறன் என்று பேச்செடுத்தால் அது தறியைச் சுற்றியே நின்றுவிடுகிறது. தறியின் பெருமைக்கு அதனால் குறைவில்லை. ஆனால் அதே ஊரில், நெல்லும் அரிசியும் பட்டுப் பார்சல்களும் ஏறிச்செல்லும் பழைய லாரிகளை மார்கழி விடியலில் எழுப்பிவிடும் டீசல் மெக்கானிக்கின் வேலையும், அருகிலிருந்து கவனிப்பவருக்கு, தேர்ந்த ரசனைக்கு உரிய ஒரு கலையாகவே தெரியும். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கும் என்பதால் புடவைகள் மார்கழியிலேயே கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். சம்பா அறுவடை தொடங்கினால் ஆரணி, களம்பூர் அரிசி ஆலைகளுக்கு நெல் வந்துகொண்டேயிருக்க வேண்டும். ஆண்டில் வண்டி மிகவும் தேவைப்படும் நாட்களும், பழைய வண்டி எழ மறுக்கும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன.

இங்கே குளிர் என்பதன் அளவை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆரணியின் மார்கழி இரவு பெரும்பாலும் 17, 18 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் இரவு தங்கிய வண்டிக்கு இன்னும் சில டிகிரி குறையலாம். லடாக்கின் குளிரில் டீசலில் கரைந்துள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும் என்பதால், மைனஸ் 33 டிகிரியிலும் இளகிய நிலையிலேயே இருக்கும் தனி வகை டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆரணியில் அந்தப் பிரச்சினைக்கே இடமில்லை. டீசல் உறைவதில்லை, பேட்டரி நீர் உறைவதில்லை, ஆரோக்கியமான எந்த டீசல் இஞ்சினும் இந்தக் குளிரில் முதல் முயற்சியிலேயே ஓடத் தொடங்க வேண்டும். ஓடவில்லை என்றால், பகல் வெப்பத்தில் மறைந்து கிடந்த ஏதோ ஒரு பலவீனத்தை இந்தச் சிறிய குளிர் காட்டிக்கொடுத்திருக்கிறது என்று பொருள். குளிரைக் குற்றம் சொல்லாமல் அது காட்டிக்கொடுத்ததைத் தேடிப் போவதில்தான் இந்தக் கலை தொடங்குகிறது. சாதாரண மெக்கானிக்கையும் தேர்ந்தவரையும் பிரிக்கும் இடமும் அதுவே.

டீசல் இஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் இறுக்கி அழுத்தும்போது பிறக்கும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவதும் இதே விதியால்தான். 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய இஞ்சின் முதல் ஆரணிச் சாலைகளில் நெல் சுமந்த டாட்டா லாரி வரை இந்த அடிப்படை மாறவில்லை. பழைய டாட்டா லாரிகளில் பரவலாக இருந்த 697 இஞ்சினின் பெயரே அதன் உடலமைப்பைச் சொல்லிவிடும்: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர். அசோக் லேலண்டின் 370 இஞ்சினுக்குப் பெயர் வந்தது அதன் 370 கன அங்குலக் கொள்ளளவால். டாட்டாவின் டெல்கோ நிறுவனமும் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸும் கூட்டாக லாரி தயாரித்த 1954 முதல் 1969 வரையான காலத்துப் பழக்கத்தால் டாட்டா வண்டியைப் 'பென்ஸ்' என்றே அழைத்த ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இருந்தார்கள். டீசலை முதலில் ஒரு சிறு அறைக்குள் தெளிக்கும் அக்காலத்து முன்னறை இஞ்சின்களில் காற்றைச் சூடாக்க ஹீட்டர் பிளக் இருந்தது. பிஸ்டன் தலைமீது நேரடியாக டீசலைத் தெளிக்கும் 697-இல் அது இல்லை. அழுத்தத்தால் பிறக்கும் வெப்பத்தைத் தவிர அந்த இஞ்சினுக்கு வேறு துணை கிடையாது என்பதால், அந்த வெப்பத்தைத் திருடும் எதுவும் விடியற்காலையில் குற்றவாளி ஆகிவிடும்.

வெப்பம் திருடப்படும் வழிகளில் முதலாவது மெதுவான சுழற்சி. பட்டறைகளில் 'செல்ஃப்' என்று வழங்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் இஞ்சினை வேகமாகச் சுற்றினால் அழுத்தப்பட்ட காற்று தன் வெப்பத்தைச் சிலிண்டர்ச் சுவருக்கு இழக்க நேரம் இருக்காது. மெதுவாகச் சுற்றினால் வெப்பம் சுவருக்குப் போகும், காற்று ரிங்குகளின் இடுக்கில் கசியும், டீசல் தெளிக்கப்பட்டும் பற்றாமல் நின்றுவிடும். ஆகவே தேர்ந்த மெக்கானிக் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் டிரைவரிடம் ஒரு கேள்வி கேட்பார்: "கடைசியா எப்போ நல்லா எடுத்துச்சு?" அதற்கான பதிலைக் கேட்டபின் ஒரே ஒருமுறை செல்ஃப் அடிக்கச் சொல்லி, கண்ணை வண்டிமீது வைக்காமல் காதை மட்டும் அதன்மீது வைத்து நிற்பார். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்தின் உச்சியைத் தாண்டும்போது எழும் ஒலி சீரான இடைவெளியில் வருகிறதா, ஓரிடத்தில் மட்டும் எளிதாக நழுவுகிறதா என்று அந்தச் சில விநாடிகளிலேயே பிடித்துவிடும் காது, பல ஆண்டு உழைப்பில் விளைந்தது. ஒலி ஓரிடத்தில் நழுவினால் அந்தச் சிலிண்டரில் அழுத்தம் இல்லை. எல்லா இடத்திலும் இழுத்து முனகினால் குறை மின்சாரத்திலோ கெட்டியான ஆயிலிலோ இருக்கிறது.

மின்சாரக் குறையைக் கண்டுபிடிக்கும் முறையில் மீட்டர் இல்லாமலே செய்யும் ஒரு சோதனை தனி அழகு உடையது. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருக்கும் இத்தகைய லாரிகளில், சில விநாடி செல்ஃப் அடித்து நிறுத்தியவுடன் மெக்கானிக் பேட்டரி டெர்மினல்களையும், சேசிஸில் எர்த் பிடிக்கும் இடத்தையும், செல்ஃப் மோட்டாரின் கேபிள் முனையையும் விரலால் வரிசையாகத் தொட்டுப் பார்ப்பார். இணைப்பு சரியாக இருக்கும் இடம் குளிர்ந்தே இருக்கும். எங்கே வெதுவெதுப்பாக இருக்கிறதோ அங்கே மின்சாரம் தடைப்பட்டு வெப்பமாக வீணாகிறது. வெந்நீர் ஊற்றி, டெர்மினலில் பூத்த வெண்பூவைக் கரைத்து, அதைத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் பாதி வண்டிகள் அங்கேயே எழுந்துவிடும். ஆயிலைப் பொறுத்தவரை டப்பாவின் மேல் 20டபிள்யூ-40 என்று அச்சிட்டிருப்பதில் 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் பெரியதாக இருந்தால் குளிரில் ஆயில் அதிகம் தடிக்கும் என்பதே அதன் பொருள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி எடுக்கவில்லை என்றால் மெக்கானிக் புகைக்குழாயின் பக்கம் போவார். செல்ஃப் சுற்றும்போது வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டர்வரை வந்துசேர்ந்தும் எரியாமல் ஆவியாகவே வெளியேறுகிறது. குறை அழுத்தத்திலோ, டீசலைத் தெளிக்கும் நாசிலிலோ, தெளிக்கும் நேரமான டைமிங்கிலோ இருக்கிறது. புகையே வரவில்லை என்றால் டீசல் வந்துசேரவே இல்லை. இந்த ஒரு பார்வையால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது. டீசல் வரவில்லை என்று தெரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மிக எளிய ஒன்று: இஞ்சினை நிறுத்துவதற்கு டிரைவர் இழுக்கும் ஸ்டாப் கேபிள். கிரீஸ் காய்ந்த பழைய கேபிள் குளிரில் முழுதும் திரும்பாமல் பாதியில் நின்றுவிட்டால் பம்ப் டீசலை அனுப்பவே அனுப்பாது. இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றுகிறவரை நல்ல மெக்கானிக் என்று சொல்ல முடியாது.

கேபிள் சரியாக இருந்தால் இந்தக் கலையின் மிக நுட்பமான பகுதிக்கு வந்துவிடுகிறோம். பட்டறை மொழியில் இதற்கு 'ஏர் பிடிப்பது' என்று பெயர். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப்வரை உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டே வருகிறது. ஆகவே அந்தப் பகுதியில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே நுழையும். வெளியே ஈரமில்லை, கறையில்லை, பார்த்த கண்ணுக்குக் குற்றமே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சிறு காற்றை இஞ்சின் சமாளித்துவிடும். இரவு முழுதும் நிற்கும்போதோ, நுழைந்த காற்றின் அளவுக்கு டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். டேங்க் தாழ்ந்த பக்கமாக இருக்கும்படி மலைச்சரிவில் நிறுத்திய வண்டியில் இது இன்னும் விரைவாக நடக்கும். நாட்பட்டு இறுகிய ரப்பர்க் குழாயும் வாஷரும் குளிரில் சுருங்கி அந்த இடைவெளியை விரிக்கும் என்பதால் மாசியில் மறைந்திருந்தது மார்கழியில் வெளிப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறையைக் காரணத்தால் மட்டுமே ஊகித்து எட்டுவதற்குத் தேவைப்படும் அறிவுக்கு, படித்தவர் உலகம் இன்னும் உரிய மரியாதையைத் தரவில்லை.

காற்றை எடுக்கும் முறையும் பார்க்கத் தகுந்தது. ஃபில்டரின் தலையிலுள்ள சிறு திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, ஃபீட் பம்பின் மேலுள்ள கைப்பம்பை ஒரே சீராக அழுத்த வேண்டும். முதலில் வெறும் காற்றும், பிறகு நுரையும், பிறகு குமிழ் கலந்த டீசலும், கடைசியில் குமிழே இல்லாத தெளிந்த டீசலும் வரும். அந்தக் கடைசி நிலையில், டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை மூட வேண்டும். நின்றபின் மூடினால் ஒரு துளி காற்று உள்ளேயே தங்கிவிடும். ஃபில்டரில் முடித்ததை மைக்கோ பம்பிலும், அதன்பின் நாசில் முனைகளிலும் தொடர வேண்டும். மைக்கோ என்பது 1951-இல் தொடங்கப்பட்ட, பெங்களூரைச் சேர்ந்த மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர். அந்தக் கம்பெனியின் பம்புகளே இந்தியாவின் பழைய லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு டீசல் ஊட்டின. நாசில் முனைகளைத் தளர்த்தும்போது கை அருகில் போகக் கூடாது, ஏனெனில் ஏறக்குறைய 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்துவிடும். காற்றை எடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைப்பவர் மறுநாள் விடியலில் மறுபடி வர வேண்டியிருக்கும். தேர்ந்தவரோ இணைப்புகளிலுள்ள செம்பு வாஷர்களைக் கழற்றி, செந்நிறம் ஏறும்வரை நெருப்பில் காய்ச்சி, நீரில் நனைத்து இளக்கிய பின்பே திரும்பப் பூட்டுவார். இறுகிப்போன செம்பு அப்படி இளகினால்தான் இடைவெளியில் படிந்து அடைக்கும்.

பொறுமையற்றவர்களின் குறுக்குவழிகளும் இந்த ஊர்களில் உண்டு: காற்று உள்ளே போகும் வாயில் எரியும் துணியைக் காட்டுவது, பெட்ரோல் நனைத்த துணியை வைப்பது, ஈதர் தெளிப்பது. இவற்றால் வண்டி ஓடத் தொடங்குவது உண்மைதான். ஆனால் ஈதர் டீசலுக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை மேலேறும் வழியிலேயே அடிக்கும்; ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். பிறகு அழுத்தம் இன்னும் குறையும், அடுத்த குளிரில் இன்னும் அதிகம் தெளிக்க வேண்டியிருக்கும். இதைக் கைத்திறன் என்று புகழ்வோரும் இருக்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி தவறானது. குறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் கலை பழைய வண்டிகளுக்கே உரியது: வாகனப் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 4 விதிகள் 2017-இல் நாடு முழுதும் வந்தபின் பெருகிய கணினி இஞ்சின்களில் குறையை ஒரு கருவியே எண்ணாகக் காட்டிவிடும். அங்கே இந்தக் கலைக்கு வேலை குறைவு.

வண்டி எழுந்தவுடன் பலர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்; ஆனால் குளிர்ந்த இஞ்சினை முழுதாக அறிய வாய்க்கும் நேரம் ஓடத் தொடங்கிய முதல் சில நிமிடங்களே. அப்போதுதான் பலவீனமான சிலிண்டர் தடுமாறும். உலோகம் சூடேறிவிட்டால் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து ஒழுங்காக எரியத் தொடங்கிவிடும், குறை மறுபடி ஒளிந்துகொள்ளும். ஆகவே தேர்ந்த மெக்கானிக், புகைக்குழாயில் வெண்புகை இன்னும் அடங்காத அந்த நேரத்திலேயே, ஒவ்வொரு நாசில் முனையையும் அரைச்சுற்றுத் தளர்த்தி இறுக்கிக்கொண்டே வருவார். நன்றாக எரியும் சிலிண்டரின் டீசல் நிறுத்தப்பட்டால் இஞ்சினின் ஓட்டம் தாழும். எதைத் தளர்த்தியும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர். அதற்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, லோடு இறங்கி வண்டி திரும்பியதும் அந்த நாசிலைக் கழற்றி நாசில் டெஸ்டரில் பூட்டிப் பார்ப்பார்; பனிபோல் தெளிக்காமல் சொட்டினால் புது நாசில், நன்றாகத் தெளித்தால் அந்தச் சிலிண்டரின் டேப்பெட் இடைவெளி, அதுவும் சரியென்றால் ஹெட்டைத் தூக்கி வால்வும் ரிங்கும் என்ற வரிசையில் செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கி நகர்வார்.